தாளைப் பார்க்காமல் ஓர் இலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயிர் நோயியல் விஞ்ஞானியாக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நீர்வண்ணம் பழகுகிறேன். நான் வரையும் இலைகள் ஆய்வறிக்கைப் படங்கள் போலவே இருக்கின்றன. “கையைத் தளர விடுங்கள்” என்கிறார் என் ஓவிய ஆசிரியர். எப்படி என்றுதான் பிடிபடவில்லை. இதற்கிடையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் வரையச் சொல்லிக்கொடுங்கள் என்று வந்து நிற்கிறார்கள். பாதி கற்றவன் சொல்லிக்கொடுக்கலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

‘தளர விடு’ என்ற இதே சொல்லில்தான் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனும் திணறினார். 44 வயதை ஒட்டி வரையத் தொடங்கியவர் அவர். ஜிராயர் சோர்த்தியன் என்ற ஓவியரோடு ஓர் ஏற்பாடு: ஒரு ஞாயிறு இவர் இயற்பியல் சொல்லித்தர வேண்டும், அடுத்த ஞாயிறு அவர் ஓவியம். ‘தளர விடு’ என்பது கார் ஓட்டப் பழகுகிறவனிடம் ‘பதறாதே’ என்று சொல்வதைப்போல ஃபெய்ன்மனுக்குப் பட்டது. பிறகு ஒரு வகுப்பில், தாளைப் பார்க்காமல் எதிரே இருப்பவரை மட்டும் பார்த்து வரையச் சொன்னார்கள். கோணல்மாணலாக வந்த கோடுகளில் ஒரு வலு இருந்தது. அப்படி வரையும்போது நன்றாக வர வழியே இல்லை; அதனால் நன்றாக வர வேண்டும் என்ற இறுக்கமும் போய்விடுகிறது. தளர்வு என்றால் என்னவென்று அவருக்கு அங்கேதான் விளங்கியது.

நீங்களும் ஒரு வேப்பிலையை எடுத்து அப்படி வரைந்து பாருங்கள். கண் விளிம்பில் ஊரும் வேகத்திலேயே பென்சிலும் ஊரட்டும். விஞ்ஞானியை மறக்க வேண்டியதில்லை. வேப்பிலையின் அடி இரண்டு பக்கமும் சமமாக இராது என்பது உங்கள் கண்ணுக்கு எப்போதோ தெரியும். அது பெரிய சொத்து.

பாதி கற்றவர் என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. என் கவலை, நீங்கள் திருத்திவிடுவீர்களோ என்பதுதான். ‘கோடு கனமாக இருக்கிறது’ என்று ஓவிய ஆசிரியரால் சொல்ல முடியாது, கனமான கோடுகளிலேயே மகத்தான படங்களை வரைந்த ஒருவர் இருப்பார் என்று ஃபெய்ன்மன் கவனித்திருக்கிறார். ஆய்வகத்தில் சரி தவறு பார்த்தே பழகிய உங்களுக்கு இந்த இடம்தான் கடினமாக இருக்கும்.

பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை என்று வரைந்து வருவார்கள். வரையட்டும். அதன்பிறகு டிக்கா நோயின் புள்ளி விழுந்த நிலக்கடலை இலையை ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். நோயின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழுப்பைச் சுற்றியிருக்கும் அந்த மஞ்சள் வளையத்தை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.