பதில்: பெர்த் வெடியொலி பெர்முடாவை எப்படி எட்டியது?

1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலுக்கடியில் வெடித்த ஒலி, சுமார் 20,000 கி.மீ. தள்ளி அட்லாண்டிக்கில் உள்ள பெர்முடா தீவில் எப்படிக் கேட்டது, 146 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) இழந்திருக்க வேண்டுமே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஒலி கோளம்போல எல்லாத் திசையிலும் பரவுகிறது என்று எடுத்துக்கொண்டால் 20,000 கி.மீ.க்கு 146 டெசிபெல் இழப்புதான் வரும். ஆனால் அந்த அனுமானம் இங்கே செல்லாது.

கடலில் கீழே போகப்போக வெப்பம் குறைவதால் ஒலியின் வேகம் முதலில் குறையும். அப்புறம் வெப்பம் ஏறக்குறைய நிலையாகிவிட, அழுத்தம் கூடுவதால் வேகம் மறுபடி ஏறும். நடுத்தர அட்சரேகைகளில் வேகம் மிகக் குறைவாக இருப்பது சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக வளையும். அதனால் மேலே கிளம்பியதும் கீழே கிளம்பியதும் அந்த ஆழத்துக்கே திரும்பித் திரும்பி வரும். கடல்மட்டத்திலும் தரையிலும் மோதிச் சிதறுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

ஆகவே முதல் 10 கி.மீ.க்கு மட்டும் கோளப் பரவல் (80 டெசிபெல்), மீதிக்கு அந்த அடுக்குக்குள் பக்கவாட்டில் மட்டும் விரியும் உருளைப் பரவல் (33 டெசிபெல்) என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் 113தான். அந்த 10 கி.மீ. தோராயம்தான், உங்கள் ஆசிரியர் வேறு எண் சொல்லலாம்.

நீர் உறிஞ்சும் இழப்பையும் விட்டுவிட்டீர்கள். 10 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 10,000 அதிர்வு) ஒலியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் போய்விடும். இவ்வளவு தூரம் தாங்குவது தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டுமே. 1960 சோதனையில் வெடியொலி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி பெர்முடா சேர 3 மணி 40 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. 20,000 கி.மீ.யைக் கடல்நீரில் ஒலியின் வேகமான நொடிக்கு 1,500 மீட்டரால் வகுத்தால் விடை கிட்டத்தட்ட அதுவேதான்.