ஆக்சிஜன் அறைக்குள் உட்கார்ந்தால் மனச்சோர்வு போகுமா? – கேள்வி பதில்

"எலிகளுக்கு ஆக்சிஜன் கொடுத்தால் குடல் பாக்டீரியா மாறுகிறது, மனச்சோர்வும் குறைகிறது" என்கிற மாதிரி செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுப்பவள். யாருக்கு எந்த மாத்திரை என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி: மேடம், என் மனைவி ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆக்சிஜன் சேம்பரில் நாற்பது தடவை உட்கார்ந்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு தனியார் சென்டரில் சொல்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்கிற இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம். பாதியில் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். நோயும் திரும்பலாம்.

அவர்கள் சொல்வது ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் சிகிச்சை. மூடிய அறையில் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட இரண்டு, இரண்டரை மடங்கு ஏற்றி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வந்துவிட்ட முக்குளிப்பவர்களுக்கும், கார்பன் மோனாக்சைடு விஷம் ஏறியவர்களுக்கும், ஆறாத சில சர்க்கரைப் புண்களுக்கும், கதிர்வீச்சு சிகிச்சையால் சிதைந்த திசுவுக்கும் இது ஏற்கப்பட்ட வைத்தியம். அந்தப் பட்டியலில் மனச்சோர்வு இல்லை.

சேம்பருக்குள் போய் வந்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. அமெரிக்க ராணுவத்தில் தலையில் அடிபட்டு, பிறகு தூக்கம், கவனம், மனநிலை எல்லாம் கெட்டுப்போன வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு உண்மையான ஆக்சிஜன் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதே சேம்பர், ஆனால் கொஞ்சம் மட்டும் ஏற்றிய அழுத்தத்தில் சாதாரணக் காற்று. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சேம்பருக்குள் போன இரண்டு குழுவுமே தேறின. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை! நாற்பது தடவை வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒரே நேரத்துக்குப் போய், அமைதியாகப் படுத்து, நாலு பேர் அக்கறையாக விசாரிப்பதற்கே அவ்வளவு பலன் இருக்கிறது போல.

கோவையிலிருந்து ஒரு மைக்ரோபயாலஜி மாணவி: மூக்கு வழியாகப் போகிற ஆக்சிஜன் குடலில் இருக்கும் பாக்டீரியாவை எப்படி மாற்றும் மேம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெருங்குடலின் உள்பகுதியில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. குடல் சுவரின் செல்கள் அந்த பியூட்டிரேட்டை எரித்துதான் பிழைக்கின்றன. எரிக்க ஆக்சிஜன் வேண்டுமே, ரத்தத்திலிருந்து வருவதை அங்கேயே தீர்த்துவிடுகின்றன. அதனால் உள்ளே ஆக்சிஜன் கசிவதில்லை. பாக்டீரியா செல்லுக்குச் சோறு போடுகிறது, செல் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் படாமல் காக்கிறது.

ரத்தத்தில் ஆக்சிஜனை அளவுக்கு மேல் ஏற்றினால் இந்த ஏற்பாடு கலையும். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உயர் அழுத்த ஆக்சிஜனில் வைத்த எலிகளின் குடலுக்குள் ஆக்சிஜன் கூடியது, பாக்டீரியாக் கூட்டமும் மாறியது. ஆகவே "ஆக்சிஜன் குடல் பாக்டீரியாவை மாற்றும்" என்பது சரி.

மாறுவது நல்ல பக்கமாகத்தானா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெல்ஜியத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் எடுத்து 2019-ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகைகள் குறைவாக இருந்தன. காப்ரோகாக்கஸ் பியூட்டிரேட் தயாரிப்பது, ஆக்சிஜன் ஆகாதது. அப்படியென்றால் கூடுதல் ஆக்சிஜன் அதை வளர்க்குமா, விரட்டுமா? "பாக்டீரியா மாறியது" என்ற தலைப்பை மட்டும் பார்த்து கை தட்டிவிடாதே அம்மா.

மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: எலிக்கு மனச்சோர்வு என்று எப்படித் தெரியும்?

தெரியாது சார். பல வாரம் எலியைப் பாடாய்ப் படுத்துவார்கள்: கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கையை ஈரமாக்குவது, விளக்கை நேரம் மாற்றி எரியவிடுவது. அப்புறம் சர்க்கரைத் தண்ணீரில் ஆர்வம் குறைகிறதா, வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் எவ்வளவு சீக்கிரம் திமிறுவதை நிறுத்துகிறது என்று பார்ப்பார்கள். கடன் தொல்லையில் தூங்காத மனிதரும் இதுவும் ஒன்றல்ல.

ஆனாலும் எலி ஆராய்ச்சி வீண் இல்லை. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் 2004-ல், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை அசையவிடாமல் பிடித்து வைத்தபோது, சாதாரண எலிகளைவிட மன அழுத்த ஹார்மோன் எகிறியது. பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா வகையில் ஒன்றைக் கொடுத்ததும் அது தணிந்தது. குடலும் மன அழுத்தமும் தொடர்புள்ளவை என்ற பேச்சுக்கு அஸ்திவாரமே அதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, கொரோனா நேரம் வாங்கின ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் சும்மா கிடக்கிறது. அம்மா இறந்த பிறகு அப்பா ஒரே சோர்ந்துபோய் இருக்கிறார். இரவில் போட்டுவிடலாமா? அவருக்கு முன்பு சுருட்டுப் பழக்கம்.

வேண்டாம் தங்கச்சி. பல வருடம் புகைத்தவருக்கு நுரையீரல் கெட்டிருந்தால், அதிக ஆக்சிஜன் கொடுக்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்க நிலைக்கே போகலாம். மறுபடி சுருட்டைப் பற்றவைத்தால் தீ ஆபத்து வேறு.

நீங்கள் நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. இஸ்ரேலில் லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ள ஐம்பது பேர் அளவில் வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு 35 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று, மறுபாதிக்கு அதே மாதிரிக் குழாயில் சாதாரணக் காற்று. இரவில் 7, 8 மணி நேரம், ஒரு மாதம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2021-ல் முடிவு வந்தபோது ஆக்சிஜன் பக்கம்தான் முன்னேற்றம் அதிகம். சேம்பர் விளம்பரங்களைவிட நான் மதிப்பது இந்தச் சின்னச் சோதனையைத்தான். ஆனால் அவர்கள் ஆட்களைப் பரிசோதித்துத்தான் சேர்த்தார்கள். அப்பாவை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அவருக்குப் பேசத் துணை வேண்டுமென்றால் இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: டப்பாவில் விற்கும் ஆக்சிஜன்?

காசுக்குக் கேடு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆரோக்கியமானவரிடம் அது ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய பஸ். இன்னும் ஆள் ஏற இடம் எங்கே?

தஞ்சாவூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: அப்படியானால் குடலையே நேராகக் கவனிக்கலாமே. பழைய சோறும் தயிரும் போதுமா, புரோபயாடிக் மாத்திரை வாங்க வேண்டுமா?

பழைய சோறு, தயிர் இரண்டும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து என்று மட்டும் சொல்ல மாட்டேன். புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை விஷயத்தில் ஒரு கதை இருக்கிறது. லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு ரகம் 2011-ல் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் அந்தப் பலன் போய்விட்டது. எல்லோரும் துள்ளிக் குதித்தோம். அதே ரகத்தை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-ல் சொன்னார்கள்: ஒன்றும் நடக்கவில்லை.

சாப்பாட்டையே மொத்தமாக மாற்றிய சோதனை ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. 67 பேர், 12 வாரம். காய், பயறு, முழு தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று மாறியவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். தட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சாப்பிடுகிறவரிடம் மறைக்க முடியாது என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுக்க வேண்டும். இருந்தாலும் சுண்டலும் கீரையும் கூடுதலாகச் சாப்பிடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை, சரிதானே?

பெங்களூரிலிருந்து ஒரு ஐ.டி. ஊழியர்: மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதம் குடலில்தான் என்கிறார்களே?

ஆமாம். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: தினமும் பிராணாயாமம் செய்கிறேன் அம்மா. மூளைக்கு ஆக்சிஜன் கூடுகிறதா?

கூடுவதில்லை ஐயா. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, வரவு குறையத்தான் செய்யும். தலை கிறுகிறுப்பது அதனால்தான். நிதானமாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று விடுவதில் படபடப்பு அடங்குகிறது. அது வேகஸ் நரம்பின் வேலை. தொடர்ந்து செய்யுங்கள்.

கரூர் வியாபாரி மறுபடியும்: மாத்திரையோடு சேர்த்து சேம்பருக்கும் போனால் என்ன கெட்டுவிடும்?

காது அடைப்பு, செவிப்பறையில் காயம், சில வாரம் கிட்டப்பார்வை. அபூர்வமாக வலிப்பு. நுரையீரல் சுவரில் காற்றுக் கசிவு இருப்பவர் போகவே கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு தனியார் மையத்தின் சேம்பர் தீப்பற்றி வெடித்து 5 வயதுச் சிறுவன் இறந்தான். இவ்வளவும் கேட்ட பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், எதற்காக என்பதை மனநல மருத்துவர் எழுத்தில் தரட்டும். அந்தப் பணத்தில் உளவியல் ஆலோசனைக்கு எத்தனை முறை போகலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கோவை மாணவி: கடைசியாக ஒன்று மேம். மனிதரிடம் ஆக்சிஜன், குடல், மனநிலை மூன்றும் ஒரே சங்கிலி என்று எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்?

ஆக்சிஜன் என்று நினைத்துச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் பொய் ஆக்சிஜன் குழு கட்டாயம் வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மலப் பரிசோதனை வேண்டும். பாக்டீரியா முதலில் மாறி, அதற்குப் பிறகு மனநிலை மாறியிருக்க வேண்டும். பாக்டீரியா மாறாதவர்களுக்கும் அதே அளவு குணம் தெரிந்தால், குடலுக்கு அதில் பங்கில்லை. உனக்கு எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேவையென்றால், எலியில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவைக் குறைத்த பிறகும் ஆக்சிஜன் பலன் தருகிறதா என்பதிலிருந்து ஆரம்பி.