இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்? கடைசிக்காலக் கவனிப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: குணமாகாது என்று தெரிந்த பிறகு நம் ஆளை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது? வார்ட்டில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவள் என்பதால் பட்டதைச் சொல்கிறேன்.

கே: அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். "இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார்கள். எங்கே சேர்ப்பது? (களுவாஞ்சிகுடி)

இடம் தேட முன்னர் கிளினிக்குக்கு ஒரு தடவை திரும்பிப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அம்மாவைப் பார்த்த புற்றுநோய் வைத்தியரிடமே, "வலிக்கும் மற்ற உபாதைகளுக்கும் இனி யாரிடம் வருவது?" என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். நோயைக் குணப்படுத்தத்தான் மருந்தில்லை. வலிக்கு உண்டு, வாந்திக்கு உண்டு, மூச்சுத்திணறலுக்கு உண்டு. இந்த நோயில் வரும் துர்நாற்றத்துக்குக்கூட மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள். அதைக் கேட்க வெட்கப்பட்டு, அறைக்குள் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டே இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த மனுசிக்குப் புகையால் இருமலும் சேர்ந்துவிடும்.

அம்மா வீட்டில் இருக்கத்தான் விரும்புகிறார் என்றால் வீடுதான் முதல் தெரிவு.

கே: வாப்பாவுக்குச் சுகமில்லை. நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள், அவசரம். (அக்கரைப்பற்று)

என்ன வருத்தம்? என்ன வயது? எழுந்து நடக்கிறாரா? வீட்டில் பார்க்க யார் இருக்கிறீர்கள்? ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்றால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது, தம்பி? வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எங்கே இருக்க விருப்பம் என்று வாப்பாவிடமே கேட்டு அதையும் எழுதுங்கள்.

கே: மோர்பின் தொடங்கினால் அடிமையாகிவிடுவாராமே? (செங்கலடி)

வலிக்காக, வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்பதும் அப்படித்தான். ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். சாதாரண மோர்பின் நான்கு மணித்தியாலம்தான் நிற்கும், வலி வரட்டும் என்று காத்திராமல் நேரத்துக்குக் கொடுங்கள். பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் வில்லையை ஒருநாளும் இடித்துக் கொடுக்காதீர்கள்.

கே: நான் கனடாவில் இருக்கிறேன். அப்பாவைச் சேர்க்க ஓர் இடத்தின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஏசி அறை, தோட்டம், கமரா எல்லாம் இருக்கிறது. மூன்று மாத முற்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா? (ரொறன்ரோ)

கட்ட வேண்டாம். மூன்று மாதம் இருப்பாரா என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மீதியைத் திருப்பித் தருவோம் என்று எழுத்தில் தராதவரை ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

தம்பி, இந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. என் பெரியம்மாவையும் இப்படிப் படம் பார்த்துத்தான் ஓர் இடத்தில் சேர்த்தார்கள். நல்ல மாபிள் தரை. ஒருநாள் நான் பக்கத்தில் படுத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தது. கடமையில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளை, பயிற்சிகூட முடிக்கவில்லை. மோர்பின் போத்தல் அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பு முகாமையாளரின் வீட்டில். அழைத்தால் அவர் போன் எடுக்கவில்லை. பெரியம்மாவை அசைத்தாலே கத்தினார், வண்டியில் ஏற்றவும் வழியில்லை. காலை ஏழரைக்குத்தான் அந்த அலுமாரி திறந்தது. அவர் பிடித்திருந்த என் மணிக்கட்டில் நகக்குறி இரண்டு நாள் கிடந்தது.

அதனால்தான் எத்தனை தடவை கேட்டாலும் இதையே சொல்கிறேன்: இரவைப் பற்றிக் கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு தாதி, அவர் பயிற்சி பெற்றவரா, மோர்பின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, வைத்தியரை எழுப்ப முடியுமா? பதில் இழுபட்டால் அந்த இடம் வேண்டாம். தனியார் மருத்துவ நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிந்திருக்க வேண்டும். இந்த வருடத்துச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஊரிலுள்ள ஒரு சொந்தக்காரரை அறிவிக்காமல் பின்னேரம் ஏழு எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவர்களின் குதிக்காலையும் இடுப்பையும் பார்த்தால் போதும். படுக்கைப்புண் பொய் சொல்லாது.

கே: மஹரகமவில் உள்ள சாந்த செவனவுக்குக் கொண்டுபோகலாமா? (கல்முனை)

புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் ஹொஸ்பிஸ் அது, குணமாகாது என்றானவர்களைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தொடர்ந்து காட்டுகிறவர்களுக்கும் கொழும்புப் பக்கம் சொந்தங்கள் உள்ளவர்களுக்கும் பொருந்தும். அங்கே யாருமே இல்லை என்றால், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வண்டியில் கிடத்திக்கொண்டு போவதை நான் ஏற்கமாட்டேன். யார் வந்து பக்கத்தில் இருப்பீர்கள்? அவரோடு தமிழில் கதைக்க ஆள் வேண்டாமா?

கே: உம்மா நாலு நாளாகச் சாப்பிடவில்லை. சேலைன் ஏற்றச் சொல்லி எல்லாரும் நெருக்குகிறார்கள். (காத்தான்குடி)

கடைசி நாட்களில் உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது; பசியால் அவர் வாடவில்லை. அந்த நிலையில் சேலைன் பெரும்பாலும் கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும்தான் கூட்டும். உம்மாவைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள். வாய் காயாமல் பாருங்கள்: சுத்தமான துணி நுனியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஒற்றி, உதட்டில் கொஞ்சம் வசிலின். மக்காவிலிருந்து வரும் சம்சம் தண்ணீரைக் கொடுப்பதென்றாலும் இப்படியே ஒற்றுங்கள். இந்துக்கள் கடைசி நேரத்தில் பருக்கும் பாலுக்கும் இதுதான் என் பதில். கரண்டியால் ஊற்றினால் புரையேறும்.

கே: வீட்டிலேயே இறந்தால் பொலிஸ் வருமா? (திருக்கோவில்)

தெரிந்த நோயால், எதிர்பார்த்த மரணம் என்றால் கிராம சேவகருக்கு அறிவித்து, அவர் தரும் அறிக்கையோடு மரணப் பதிவாளரிடம் பதியலாம். விழுந்தது, காயப்பட்டது என்று ஏதாவது இருந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டிவரும். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை மூன்றையும் இப்போதே ஒரு கவரில் போட்டு, கிராம சேவகரின் நம்பரை மேலே எழுதி வையுங்கள். அது எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.