கொய்யாவைக் கெடுப்பது குரங்கா, கொண்டைக்குருவியா?

கேள்வி: வீட்டில் இரண்டு கொய்யாவும் ஒரு மாதுளையும் உள்ளன. பழங்கள் பாதி தின்றபடி வீணாகின்றன. நாட்டுக்குரங்கும் வருகிறது, கொண்டைக்குருவியும் வருகிறது. வலை போட்டால் போதுமா?

பதில்: முதலில் மரத்தடியைப் பாருங்கள். குரங்கு காயையும் விடாது. பறித்து ஒரு கடி கடித்துவிட்டு எறியும், கிளையும் முறிந்திருக்கும். அவசரத்தில் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு வேறிடம் போய் மெல்லும். கொண்டைக்குருவி பழுத்ததை மட்டுமே தொடும். பழம் காம்பிலேயே தொங்க, ஒரு பக்கம் மட்டும் குடைந்திருக்கும். மாதுளைத் தோலை அதனால் துளைக்க முடியாது. வெடித்த பழத்தில்தான் கொத்தும். ஆக, முழு மாதுளை உரிந்து கிடந்தால் குருவிமேல் சந்தேகம் வேண்டாம். சேதம் இரவில் மட்டும் நடந்தால் இரண்டுமே இல்லை, வௌவாலாக இருக்கலாம்.

குருவிக்கு வலையைவிட உறை நல்லது. கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் செய்தித்தாள் பையிலோ துணி போன்ற நெய்யாத உறையிலோ நுழைத்துக் காம்போடு கட்டுங்கள். அடி மூலையில் சின்னத் துளை இருக்கட்டும். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிப் பழம் அழுகும். உறை போட்டால் பழ ஈயும் அண்டாது. வலைதான் வேண்டுமென்றால் விரல் நுழையாத கண்ணுள்ளதை, சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் குருவியும் பாம்பும் சிக்கிச் சாகும். குஞ்சுகளுக்குப் புழு பூச்சி தேடிக் கொடுக்கும் பறவை அது. உச்சிக் கிளைப் பழங்களை அதற்கு விட்டுவிடலாம்.

குரங்கு உறையையும் வலையையும் கிழித்துவிடும். அதனிடம் பலிப்பது முந்திப் பறிப்பதுதான். கரும்பச்சை வெளிறத் தொடங்கியதும் கொய்யாவைப் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். மாதுளைக்கு இந்த வழி இல்லை, பறித்தபின் அது பழுக்காது. குரங்கு தினமும் வரும் இடத்தில் மாதுளை வைப்பதே வீண். கூரையையோ சுவரையோ தொடும் கிளைகளை வெட்டுங்கள். குப்பைத்தொட்டியை மூடுங்கள். தெருவில் யாராவது பிஸ்கட் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். தீனி கிடைக்கும் வரை கூட்டம் நகராது. பட்டாசும் பொம்மையும் சில நாள்தான் செல்லும். வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கவே கூடாது. மனித உயிரே போகும். நீங்களாகப் பிடித்து வேறிடத்தில் விடுவதும் சட்டப்படி தவறு, வனத்துறையிடம் சொல்லுங்கள்.

குரங்கு கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.