தகரம் தட்டப் போகட்டுமா?

கேள்வி: பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். வயது 27. பிடித்தம் போக 23,000 ரூபாய் கையில் வருகிறது. சேர்ந்து நாலு வருஷம் ஐந்து மாசம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். பழைய ஜீப், வேன்களைப் பிரித்துப் போட்டு நம் விருப்பப்படி வேறு வண்டியாகக் கட்டும் வேலையைக் கற்க ஆசை. கோவையில் ஒரு இடத்தில் ஆறு மாசப் பயிற்சி, ஒன்றரை லட்சம் கட்டணம், சான்றிதழ் தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டிங்கர் பெரியவர் இருக்கிறார். "வா, மத்தியானச் சாப்பாடு போடறேன், முதல் வருஷம் சம்பளம் எதிர்பார்க்காதே" என்கிறார். அப்பா, "டிப்ளமோ படிச்சுட்டு தகரம் தட்டப் போறியா" என்று கேட்டதோடு சரி, என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். தங்கை கல்யாணக் கடன் மாசம் 6,000 கட்டுகிறேன். வேலையை விடலாமா?
— பெயர் வேண்டாம், வேலந்தாவளம்

பதில்: தம்பி, விடலாம். ஆனால் இந்த மாசம் வேண்டாம், ஏழு மாசம் கழித்து விடுங்கள். ஏன் ஏழு என்று பின்னால் சொல்கிறேன். அந்த ஒன்றரை லட்சத்தை மட்டும் கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். எந்த ஜீப்புக்கு எந்த டயர் மாட்டினால் எப்படி நிற்கும் என்று அதில் ஒரு பக்கமே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கை என்ன வேலை செய்யப் போகிறது என்று ஒரு வரி இல்லை. வண்டி கட்டுவது என்று வெளியே மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, பட்டறைக்குள் அது ஏழெட்டுப் பேருடைய தனித்தனி வேலை. சேஸ் என்கிற அடிச்சட்டத்தில் வெட்டி ஒட்டுகிறவர் ஒருவர், தகடு வளைக்கிற டிங்கர் ஒருவர், பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர், வயரிங்காரர் கூப்பிட்டால் வருவார், சீட் தைக்கிறவர் கடை வேறு தெருவில் இருக்கும், இன்ஜின் மெக்கானிக் இவர்கள் யாரோடும் சேரமாட்டார். ரீல்ஸில் வண்டிக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறவர் இதில் எதுவும் தெரியாத முதலாளியாகக்கூட இருக்கலாம். இதில் ஏதாவது ஒன்றைக் கெட்டியாகப் பிடித்து அந்தப் பட்டறையிலேயே கிடந்தால் மற்றதெல்லாம் நாளாக நாளாகக் கண்ணில் படும். எல்லாவற்றையும் ஆறு மாசத்தில் சொல்லித்தருகிறேன் என்றால், கருவிகளின் பெயர் வேண்டுமானால் மனப்பாடம் ஆகும்.

என்னைக் கேட்டால் டிங்கரிங். இன்ஜின் வேலை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக லேப்டாப்புக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் போய்க்கொண்டிருக்கிறது, பேட்டரி கார் வந்தால் இன்னும் போகும். பேட்டரி காரும் சுவரில் இடிக்கும், அதன் கதவும் நசுங்கும். தவிர நீங்கள் நாலு வருஷமாக வெர்னியர், கேஜ் என்று அளவுக் கருவிகளோடு இருந்தவர், அரை மில்லிமீட்டர் தப்பினால் உறுத்துகிற கண் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். டிங்கரிங் கற்க வருகிற பல பையன்களுக்கு அதுதான் கடைசிவரை வராது.

அது என்ன பெரிய வேலை என்று அப்பா கேட்கிறார் இல்லையா. காரின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, 0.7, 0.8 தான். கதவின் அடியில் துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து ஒட்ட வேண்டும். ஒரே இழுப்பாக வெல்டிங்கை ஓட்டினால் அந்தச் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அப்புறம் பழைய நேருக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடும். வேலை தெரிந்தவர் இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று என்று வைத்துவிட்டுச் சூடு ஆறும்வரை சும்மா நிற்பார். அப்படிப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே போய்க் கடைசியில்தான் எல்லாம் ஒன்றோடொன்று சேரும். பிறகு உள்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து சுத்தியால் தட்ட வேண்டும். டாலிக்கு நேர் மேலே அடித்தால் தகடு விரியும், சற்றுத் தள்ளி அடித்தால் மேடு இறங்கும், இரண்டு அடிக்கும் சத்தம் வேறு. சரியாக வந்ததா என்று கண்ணைவிட உள்ளங்கையைத்தான் நம்புவார்கள், ஒரு மெல்லிய துணியைக் கைக்கடியில் வைத்துத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கையில் தட்டும். இதெல்லாம் நூறு கதவு கெடுத்தால் வருகிற வேலை, அதனால்தான் கெடுக்க விடுகிற குரு வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் பெரியவரா, கோவையா? இரண்டு இடத்துக்கும் ஒரு சின்னக் காந்தத்தோடு போங்கள். டெலிவரிக்குத் தயாராக நிற்கிற வண்டியில், அவர்களிடம் கேட்டுவிட்டு, காந்தத்தைத் துணியில் சுற்றி வேலை நடந்த இடத்தில் வையுங்கள். ஒட்டினால் கீழே தகடு இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டியை அப்பி வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டி எல்லோரும் போடுவதுதான், தப்பில்லை. விரல் தடிமனுக்குப் போட்டிருந்தால் அங்கே நீங்கள் கற்கப்போவது பூச்சு வேலை. (ஃபைபர், அலுமினியம் பாகங்களில் எப்படியும் ஒட்டாது, அதை வைத்துச் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.) அப்புறம் கோவையில், ஒரு வெல்டிங் மெஷினுக்கு எத்தனை பேர், ஆறு மாசத்தில் வெல்டிங் டார்ச் என் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேளுங்கள். பெரியவரிடம், உங்களிடம் வேலை கற்றுப் போனவர்களில் யாரெல்லாம் தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரியவரிடம் சம்பளப் பேச்சையும் இப்போதே பேசிவிடுங்கள். வருஷம் முழுக்க வெறும் சாப்பாடு என்பது பழைய கணக்கு, உங்களுக்கு 27 வயது. ஆறு மாசம் சரி, ஏழாவது மாசத்திலிருந்து தினக்கூலி என்று கேட்டால் கோபப்படுகிறவராக இருந்தால் அதுவும் முன்னாலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழ் வேண்டும் என்றால் அதற்கு ஐடிஐ இருக்கிறது. வெல்டர் ஒரு வருஷப் படிப்பு, ஆட்டோ பாடி ரிப்பேர் என்று தனியாகவே ஒரு டிரேடு உண்டு, ஷீட் மெட்டல் உண்டு. மலம்புழா அரசு ஐடிஐ உங்களுக்குத் தூரமில்லை, இந்தப் பக்கம் கோவையிலும் அரசு ஐடிஐ இருக்கிறது, எங்கே எந்த டிரேடு, உங்கள் வயதுக்குச் சேர்ப்பார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். நாளைக்கு கல்ஃபுக்குப் போகிற யோசனை வந்தாலும் அந்தக் காகிதத்துக்குத்தான் மதிப்பு, தனியார் பயிற்சி நிலையத்தின் பளபளப்பு அட்டைக்கு இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத விஷயம். கடிதத்தில் நீங்கள் ஆசையாக எழுதியிருக்கிற, சேஸை வெட்டி நீட்டிய ஜீப் இருக்கிறதே, அதை ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதே 2019இல் வந்த திருத்தத்தின்படி இப்படி மாற்றுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்கம் மாட்டுகிற இரும்பு பம்பர் கார்டையே 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. கேரள மோட்டார் வாகனத் துறை, அந்த எம்விடி, எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் டூரிஸ்ட் பஸ் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, கலர் லைட்டும் லேசரும் படம் வரைந்த பாடியுமாக ஓடிய பஸ்கள் எல்லாம் வெள்ளை அடித்துக்கொண்டு நின்றதை உங்கள் ஜில்லாவிலேயே பார்த்திருப்பீர்கள். எல்லையில் இருக்கிறவனுக்கு இதில் இன்னொரு தலைவலி. கோவையில் கட்டிய வண்டியை கேஎல் நம்பரோடு ஓட்டிக்கொண்டு வாளையாறு எல்லை தாண்டுகிறவர் மாட்டிக்கொண்டால், அபராத ரசீதோடு நேரே உங்கள் பட்டறை வாசலுக்குத்தான் வருவார்.

அதற்காகத் தொழிலே இல்லை என்று அர்த்தமில்லை. கட்டுகிற வேலை சட்டத்துக்குள்ளேயே நிறைய இருக்கிறது, ரீல்ஸில்தான் குறைவு. பழைய அம்பாசடர், பத்மினி, வில்லீஸ் ஜீப்பை முதலில் வந்த மாதிரியே திருப்பிக் கொண்டுவருகிற வேலைக்குப் பணம் செலவழிக்கத் தயாராக இருக்கிறவர்கள் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு மூன்றிலும் உண்டு. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை அசல் உருவம் மாறாமல் வைத்திருந்தால் விண்டேஜ் என்று தனிப் பதிவே தருகிறார்கள், 2021இல் வந்த விதி. நம்பரில் விஏ என்று எழுத்து வரும். கடையில் பார்ட் கிடைக்காத வண்டிக்கு மட்கார்டைக் கையால் அடித்துக் கொடுக்கிறவருக்கு என்ன மரியாதை என்று, கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தால் புரியும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்றுவதற்கு ஆர்டிஓவின் முன் அனுமதியோடு சட்டமே வழி வைத்திருக்கிறது, அதைச் சுத்தமாகச் செய்கிற ஆள் கிடைக்காமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெட்டி ஒட்டிப் புதுசாகக் கட்டினால்தான் மனசு ஆறும் என்றால் பந்தயக் கார் பக்கம் போங்கள். ட்ராக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நம்பர் பிளேட் கவலை இல்லை. பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் கோவை, 1995இல் விமான விபத்தில் அவர் போன பிறகு அவர் பெயரில் செட்டிபாளையத்தில் வந்த ட்ராக்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. உங்கள் ஊரிலிருந்து பைக்கிலேயே போய்விடலாம். காலேஜ் பையன்கள் தாங்களே கட்டிய காரைக் கொண்டுவந்து ஓட்டுகிற ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடக்கும்போது போய் நில்லுங்கள், வண்டியைவிட வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறவர்களைப் பாருங்கள், யாரோ ஒருவருக்கு வெல்டர் தேவைப்படும்.

சரி, ஏழு மாசம். நீங்கள் ஐந்து வருஷம் முடிக்க ஏழு மாசம்தான் பாக்கி. ஐந்து வருஷம் முடித்தால் கிராச்சுட்டி என்கிற பணிக்கொடை உண்டு, கடைசி அடிப்படைச் சம்பளத்தில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் கணக்கு. உங்கள் அடிப்படை 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் சுமார் 40,000 ரூபாய். நாலு வருஷம் 240 நாளே போதும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது என்பார்கள், உண்மைதான், ஆனால் அந்தத் தொகைக்காக நீங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், முழுசாக முடித்துவிட்டு எழுதிக் கொடுங்கள். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், நாளைக்கு இன்னொரு கம்பெனியில் சேர்ந்தால் பழைய நாலைந்து வருஷம் அப்படியே கூடிக்கொள்ளும். இந்த ஏழு மாசமும் ஞாயிறுதோறும் பெரியவர் பட்டறைக்குப் போங்கள். பட்டறைக்கு ஞாயிறு லீவு என்றால் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வார நாளில் ஒன்றைத் தேற்றுங்கள். போனஸையும் இந்த 40,000ஐயும் தனியாக வைத்து, குறைவதைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தால், மாசம் 6,000 வீதம் கடனுக்கு ஒரு வருஷம் ஓடும். பைக்கை விற்காதீர்கள், கோவை உக்கடத்துக்குப் பழைய பார்ட் தேடி ஓட வண்டி வேண்டும்.

கம்பெனியை விட்டால் அங்கே இருக்கிற மருத்துவக் காப்பீடும் போய்விடும், கிரைண்டர் சக்கரம் தெறிக்கிற தொழிலுக்கு அது இல்லாமல் போகாதீர்கள். பேங்க்கில் பிரதமர் சுரக்ஷா பீமா என்று கேட்டால் வருஷத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். பெயின்ட் அடிக்கிற அறையில் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், இப்போதைய ஹார்ட்னர் கலந்த பெயின்டில் ஆஸ்துமாவைக் கொண்டுவருகிற ரசாயனம் இருக்கிறது, துணி அதைத் தடுக்காது. பெரியவர் சிரித்தாலும் சரி, உங்கள் மாஸ்க்கை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்பா விஷயம். அவர் கோபம் டிங்கரிங் மேலே என்று எனக்குத் தோன்றவில்லை. கல்யாணக் கடனை மகன் பாதியில் விட்டுவிட்டால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயமாகவும் இருக்கலாம், அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ராஜினாமாவுக்கு முன்னாலேயே தவணைக்குச் சேர்த்த பணத்தைத் தனி அக்கவுண்டில் போட்டு, கிராச்சுட்டி வந்ததும் அதுவும் இதில்தான் என்று சொல்லி, பாஸ்புக்கை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சை அம்மா மூலம் ஆரம்பியுங்கள், நேரே போனால் நாலு தென்னைக்கு மண்ணணைக்கப் போகிறேன் என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.