பாராஃப்ரேஸ்: பக்கத்தில் நின்று சொல்வது

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பத்து வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்து, வீட்டில் 'பாராஃப்ரேஸ்' செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் நாலு வரியில் சுருக்கிவிட்டார்கள். சிலர் செல்போனில் ஏதோ ஒரு செயலியில் போட்டு, சொல்லுக்குச் சொல் மாற்றி வாங்கி வந்தார்கள். ஒரு பெண் மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். சக ஆசிரியர் ஒருவர் "நீளம் கூடிவிட்டது, மதிப்பெண்ணைக் குறையுங்கள்" என்கிறார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உண்மையில் அதற்கு என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில், அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

'பாரா' என்ற கிரேக்க முன்னொட்டுக்குப் 'பக்கத்தில்' என்று பொருள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஓடும் கோடுகளைப் 'பாரலல்' என்கிறோமே, அதில் இருப்பது இதுதான். 'பாராகிராஃப்' என்ற சொல்லும் முதலில் பத்தியைக் குறிக்கவில்லை. கிரேக்கச் சுவடிகளில், பேச்சு மாறும் இடத்தைக் காட்ட வரியின் ஓரத்தில் இழுத்த சின்னக் கோட்டின் பெயர் அது. பாராஃப்ரேஸின் மறுபாதி 'ஃப்ராஸெய்ன்'. எடுத்துக்காட்டுவது, விளங்கச் சொல்வது. ஆக, ஒருவர் சொன்னதன் பக்கத்தில் நின்றுகொண்டு அதை விளங்கச் சொல்வதுதான் பாராஃப்ரேஸ். மூலம் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்வதில்லை. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இந்தப் 'பக்கத்தில்' என்பதுதான்.

முதலாம் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன் இதை மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகவே வைத்தார். சும்மா விளக்கினால் போதாது, அதே கருத்தைச் சுற்றி மூலத்தோடு போட்டி போட வேண்டும் என்பது அவர் கட்சி. சுருக்குகிறவனால் அந்தப் போட்டிக்குள் இறங்கவே முடியாது.

லத்தீன், பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. முதலில் பெயர்ச்சொல். வினையாகப் புழங்கியது 1600ஐ ஒட்டித்தான். அது ஆங்கிலேயர் காதில் விழக் காரணமானவர்களில் முக்கியமானவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். 1517 முதல் 1524 வரை, கடைசி நூலான திருவெளிப்பாடு நீங்கலாகப் புதிய ஏற்பாடு முழுவதையும் லத்தீனில் அவர் விரித்து எழுதினார். அந்த நூல்களின் பெயரே 'பாராஃப்ரேஸ்'தான். யேசுவின் ஒரு வரிக்குப் பின்னால் என்ன சூழல், கேட்டவர்கள் யார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதையெல்லாம் உள்ளே கொண்டுவந்து சொன்ன புத்தகங்கள் அவை. மூலத்தைவிட நீளமானவை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவி கேத்தரின் பாரின் ஆதரவில் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதல் தொகுதி 1548இல் வந்தது. யோவான் பகுதியை மொழிபெயர்க்கத் தொடங்கியவர் பிற்காலத்தில் அரசியான இளவரசி மேரி. உடல்நலம் கெட்டதால் அவருடைய அரண்மனைப் பாதிரியார் அதை முடித்தார். இதன் ஒரு பிரதி ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் இருக்க வேண்டும் என்று 1547இலேயே அரசாணை போட்டுவிட்டார்கள். கார்டினர் என்ற ஆயர் சிறையில் இருந்தபடியே அந்த நூலை எதிர்த்து எழுதினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. விரித்துச் சொல்கிறவன் நடுவில் தன் கருத்தையும் நுழைத்துவிட முடியுமே!

அப்படியானால் எதுவரை விரிக்கலாம்? இதற்குத் தெளிவான பதில் தந்தவர் ஆங்கிலக் கவிஞர் டிரைடன். 1680இல் ரோமக் கவிஞர் ஓவிடின் கடிதக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் மொழிபெயர்ப்பை மூன்றாகப் பிரித்தார். சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி போவது 'மெட்டாஃப்ரேஸ்'. காலில் விலங்கோடு கயிற்றின் மேல் ஆடுவது போல என்கிறார். கவனமாக இருந்தால் விழாமல் தப்பிக்கலாம், ஆனால் ஆட்டத்தில் அழகை எதிர்பார்க்க முடியாது. மறு கோடியில் 'இமிட்டேஷன்', மூலத்தை விட்டு மனம்போல் விலகுவது. நடுவில் பாராஃப்ரேஸ். இதில் ஆசிரியர் எப்போதும் கண்பார்வையில் இருக்கிறார், தொலைந்துபோவதில்லை. சொற்களைவிடக் கருத்தைத்தான் பின்தொடர்கிறோம். அந்தக் கருத்தையும் விரிக்கலாம், மாற்றக் கூடாது. உங்கள் சக ஆசிரியரிடம் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் காட்டுங்கள்.

ஒரு சின்ன விலகல். பொருளில் இதற்கு நெருக்கமான 'ரீவேர்ட்' (reword) இன்று வேறு சொற்களில் சொல்வதைக் குறிக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தனக்குப் பைத்தியம் இல்லை என்று தாயிடம் நிரூபிக்க, சோதித்துப் பார், சொன்னதை 'ரீவேர்ட்' செய்கிறேன் என்கிறான். அங்கே அதற்குப் பொருள், சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்வது! பைத்தியக்காரனால் அது முடியாது என்பது அவன் வாதம். ஒரே வினை இப்படி நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது.

சரி, செயலிக்கு வருவோம். "அவன் கை நனைக்காமல் போய்விட்டான்" என்று ஒரு வாக்கியம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் "அவன் கரத்தை ஈரமாக்காமல் சென்றுவிட்டான்" என்று வரும். 'அவன்' தவிர எல்லாச் சொல்லும் மாறிவிட்டது, பொருள் செத்துவிட்டது. "வீடு தேடி வந்தவன் ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான், மனதில் ஏதோ வருத்தம் இருக்கிறது" என்று எழுதுகிற பிள்ளைக்குத்தான் அந்த வாக்கியம் புரிந்திருக்கிறது. மூன்று மடங்கு நீளம் என்பதையும் கவனியுங்கள். அந்த வருத்தம் மூலத்தின் சொற்களில் இல்லை. ஆனால் அதைச் சொன்னவரும் கேட்டவரும் அறிந்த ஒன்று அது. விரிப்பது என்றால் இதுதான். "அவனுக்கும் மாமனாருக்கும் சொத்துத் தகராறு" என்று சேர்த்திருந்தால் அது மாற்றுவது.

தமிழில் செய்யுளுக்கு என்றால் 'பொழிப்புரை' என்றே சொல்லலாம். நன்னூல், உரைக்குரியவை என்று பதினான்கைச் சொல்லும்போது 'சொற்பொருள்' என்று ஒன்றையும் 'தொகுத்துரை' என்று ஒன்றையும் தனித்தனியாக வைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வது வேறு, அவற்றை ஓடும் கருத்தாக இணைத்துச் சொல்வது வேறு என்ற தெளிவு நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. ஒரே சிக்கல், 'பொழிப்பு' என்பதற்குச் சாரம் என்ற நிழலும் உண்டு. உங்கள் பிள்ளைகள் சுருக்கியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. அதனால் வகுப்பில் சொல்லும்போது 'உன் வார்த்தையில் விளக்கமாகச் சொல்' என்றே சொல்லுங்கள். 'மறுசொல்லாக்கம்' வேண்டாம். அது செயலி செய்கிற வேலைக்குத்தான் பொருந்தும்.

அப்புறம், அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கவிதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை படியுங்கள். கவிதையின் பத்து வரிகளும் அதற்குள் இருக்கின்றனவா, அவள் சேர்த்தது கவிதையிலிருந்து கிளைத்ததா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள். அவள் சம்மதித்தால் வகுப்பில் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் கவிதை, அதற்குப் பிறகு அவள் எழுதியது.

அன்புடன்