'போடு' எல்லாம் 'புட்' ஆகுமா?

இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு மேல் 'புட்' (put) என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைப் பற்றியவை. அதனால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிஃப்டில் எங்கள் சூப்பர்வைசரிடம் "புட் த லைட், சார்" என்றேன். அவர் வடநாட்டுக்காரர், புரியாமல் விழித்தார். போடு என்றால் புட்தானே?

பதில்: இல்லை தம்பி. நம் 'போடு' எதையும் சுமக்கும். லைட் போடுகிறோம், டீ போடுகிறோம், ஊசி, கோலம், கையெழுத்து, சண்டை எல்லாவற்றையும் போடுகிறோம். ஆங்கில 'புட்'டின் முதல் வேலை ஒரு பொருளை ஓரிடத்தில் வைப்பது. உங்கள் சூப்பர்வைசர் காதில் "லைட்டை வையுங்கள்" என்றுதான் விழுந்திருக்கும். எங்கே வைப்பது என்று அவர் விழித்ததில் வியப்பில்லை. லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்' அல்லது 'டர்ன் ஆன்' சொல்லுங்கள். 'புட் த லைட் ஆன்' என்றாலும் சரிதான், பிரிட்டிஷ்காரர்கள் அப்படிப் பேசுவார்கள். உங்களிடம் விட்டுப்போனது அந்த ஒரு 'ஆன்'தான். டீக்கு 'மேக்', ஊசிக்கு 'கிவ்', கோலத்துக்கு 'டிரா', கையெழுத்துக்கு வெறும் 'சைன்', சண்டைக்கு 'ஃபைட்'.

உங்கள் ஊரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கும் இதே இடத்தில்தான் கால் இடறும். கன்னடத்து 'ஹாக்கு', தெலுங்கு 'வெய்யி' இரண்டும் நம் 'போடு' மாதிரியே ஊர்ப்பட்ட வேலை செய்யும் சொற்கள். தாய்மொழிப் பழக்கம் இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: 'ஐ புட் த கீ' என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். இலக்கணப்படி சரியா? (காவேரிப்பட்டணம்)

பதில்: பாதி வாக்கியம்தான் வந்திருக்கிறது. வைப்பவர், வைக்கும் பொருள், வைக்கும் இடம் மூன்றும் இருந்தால்தான் 'புட்' நிறைவடையும். 'ஐ புட் த கீ ஆன் த டேபிள்' என்று எழுதுங்கள். இடம் தெரிந்ததுதான் என்றால் 'தேர்' என்றாவது சேருங்கள்.

கேள்வி: இறந்தகாலம் 'புட்டட்' என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள். (பாலக்கோடு, பிளஸ் டூ மாணவி)

பதில்: தவறு. மூன்று வடிவமும் 'புட்'தான். 'எஸ்டர்டே' போன்ற சொல்தான் காலத்தைக் காட்டும். எழுத்தைப் பார்த்து 'கட்', 'பட்' போல உச்சரித்துவிடாதீர்கள். நம் புட்டில் வரும் அதே குறில் 'பு'தான் இதற்கும்.

கேள்வி: ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறேன் ஐயா. வெளிநாட்டுக்காரர்களிடம் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்ல 'வேர்' சொல்வதா, 'புட் ஆன்' சொல்வதா? ஆற்றில் தண்ணீர் கூடிப் பரிசலை நிறுத்தினால் 'புட் ஆஃப்' எனலாமா?

பதில்: இந்த வாரம் என் மனதுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'புட் ஆன்' என்பது எடுத்து மாட்டும் செயல், 'வேர்' என்பது மாட்டிக்கொண்டு இருக்கும் நிலை. கரையில் ஜாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது "ப்ளீஸ் புட் ஆன் யுவர் லைஃப் ஜாக்கெட்" என்று சொல்லுங்கள். நடு ஆற்றில் ஒருவர் போட்டோவுக்காகக் கழற்றப் போனால் "யூ மஸ்ட் வேர் இட் ஆல் த டைம்" என்று சொல்லுங்கள். கழற்றுவது 'டேக் ஆஃப்'. 'புட் ஆஃப்' என்றால் கழற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு.

'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. இங்கே தமிழும் ஆங்கிலமும் அழகாகக் கைகோத்துக்கொள்கின்றன. பயணத்தை நாளைக்கு வைத்துக்கொண்டால் 'வீ ஹாவ் புட் ஆஃப் த ட்ரிப் டில் டுமாரோ' எனலாம். ஆனால் நீர்வரத்து கூடி, எப்போது விடுவார்கள் என்றே தெரியாத தடை வந்தால் அது பொருந்தாது. "போட் ரைட்ஸ் ஆர் ஸ்டாப்ட் ஃபார் நவ்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வந்தவர் வீணாகக் காத்திருக்க வேண்டாம் பாருங்கள்.

கேள்வி: 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்ன வேறுபாடு? (தர்மபுரி)

பதில்: முன்னது தீயையோ விளக்கையோ அணைப்பது, பின்னது பொறுத்துக்கொள்வது.

கேள்வி: மகள் எல்.கே.ஜி. போகிறாள். 'புட் ஆன் யுவர் ஷூஸ்', 'புட் யுவர் ஷூஸ் ஆன்', எது சரி? (அரூர்)

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. ஆனால் ஷூவின் பெயரைச் சொல்லாமல் 'தெம்' என்று வந்தால் 'புட் தெம் ஆன்' ஒன்றே சரி, 'புட் ஆன் தெம்' கூடாது. காலையில் ஷூவை அவள் முன்னால் வைத்துவிட்டு, ஒருமுறை அந்த நீள வாக்கியத்தையும் அடுத்து இந்தக் குட்டி வாக்கியத்தையும் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அவளே உங்களுக்குத் திருப்பிச் சொல்வாள்.